நடிப்பு என்று நான் சொன்ன வலி

என் மகளுக்கு வயிற்றுவலி தொடங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வலிக்கு ஒரு பெயர் கிடைத்தபோது பதினைந்து நடந்துகொண்டிருந்தது. இடையில் இருந்த மூன்று வருடங்களும் நான் அவளோடு ஒரே வீட்டில்தான் இருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தப்பியிருப்பேன்.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். ஒவ்வொரு தட்டோடும் ஓர் அட்டை வரும். இவருக்கு எல்லாம் அரைத்துக் கொடுக்க வேண்டும், அவருக்குப் பால் சேர்க்கக்கூடாது, இந்த அம்மாவுக்கு நார்ச்சத்து ஆகாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த அட்டைகளில் ஒருநாளும் நான் பிழைவிட்டதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தால் வரும் மகளுக்குச் சோறு போடுவேன். நாலு வாய் சாப்பிடுவாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிக் கழிப்பறைக்குப் போவாள். அரை மணி, முக்கால் மணி வெளியே வரமாட்டாள்.

ஃபோனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். கதவைத் தட்டித் தட்டிப் பேசுவேன். ஒருநாள் ஃபோனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த நாளும் அவள் முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள், வெறுங்கையோடு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பிள்ளைக்குப் பிடிவாதம் கூடிவிட்டது என்று என் கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பின்னேர வேலை. பிள்ளையை அவர் கண்ணால் காண்பதே சனி, ஞாயிறுகளில்தான். அந்த இரண்டு நாட்களிலும் அவளுக்குப் பெரிதாக வலிப்பதில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மத்தியானம்வரை படுத்தே இருப்பாள் என்பதையும், வயிற்றில் ஒன்றும் இல்லாததால்தான் வலி குறைந்தது என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் வலி இல்லை என்று மட்டும் கணக்குப் போட்டோம்.

பதின்மூன்றாவது வயதில் அவளைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் ஜெர்மன் சமையலறைக்குக் காணும். வைத்தியரின் அறைக்குக் காணாது. எட்டு வயதிலிருந்தே எனக்காக ஜெர்மன் பேசியது அவள்தான். வீட்டுக்கு வரும் கடிதங்கள், என் பல்வலி, தகப்பனின் முதுகுவலி, எல்லாவற்றையும் அவள்தான் அங்கேயும் இங்கேயும் மாற்றிச் சொன்னாள். தன் வலியையும் தானே மாற்றிச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது எனக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை.

வைத்தியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "எனக்கு என்ன பிரச்சினை எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்" என்றாள் மகள்.

நான் சொன்னேன்: "பள்ளிக்கூடம் போகப் பஞ்சியிலை நடிக்கிறாள் எண்டு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள் என்றுதான் நினைவு. பிறகு வைத்தியர் பக்கம் திரும்பி, ஜெர்மனில், ஒரு சொல்லையும் குறைக்காமல் அதைச் சொன்னாள். அந்த அளவு ஜெர்மன் எனக்கு விளங்கும். அவள் அதை மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு வலிக்கிறது, உதவி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாலும் வைத்தியருக்கு முன்னால் நான் மறுத்துப் பேசியிருக்கப் போவதில்லை. ஆனால் தாய் சொன்னதைப் பிள்ளை அப்படியே சொன்னாள். வைத்தியர் தலையாட்டிக்கொண்டே கணினியில் தட்டினார். இந்த வயதில் இப்படி வருவதுதான், பெருஞ்சீரகத் தேநீர் கொடுங்கள் என்றார். வரும் வழியில் கடையில் அந்தத் தேநீர்ப் பெட்டியை வாங்கினேன். "இப்ப சரிதானே?" என்று கேட்டேன். அவள் "ஓம்" என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் வலி என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். தேநீர் வேலைசெய்கிறது என்று நினைத்தேன்.

அவளைக் கடைசியில் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த வலி அல்ல, எங்கள் வெட்கம்தான். பதினாலரை வயதாகியும் அவள் பெரியபிள்ளையாகவில்லை, வயதுக்கு வரவில்லை. என் கணவரின் அக்கா, என் மச்சாள், வேறொரு நகரத்தில் இருக்கிறார். அவருடைய இரண்டு பெண்களும் பன்னிரண்டுக்குள் பெரியபிள்ளையாகி, மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு என்ற சடங்கையும் செய்து முடித்தாயிற்று. ஒவ்வொரு முறை ஃபோன் எடுக்கும்போதும், "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. வயிற்றுவலிக்கு ஒன்றரை வருடமாக எடுக்காத டெர்மினை, வைத்தியரைப் பார்க்கும் நேரத்தை, இதற்கு ஒரே நாளில் எடுத்தேன், ஒரு பெண்கள் வைத்தியரிடம்.

அந்த வைத்தியர் என்னைவிட இளையவர். மகளை நிறுத்தி நிறை பார்த்தார், உயரம் அளந்தார். பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறிக்கும் மஞ்சள் புத்தகத்தையும் பழைய தாள்களையும் வாங்கி, புள்ளிகளைப் பேனாவால் ஒன்றோடொன்று இணைத்தார். பன்னிரண்டு வயதுவரை ஏறிப்போன கோடு அதன் பிறகு படுத்துக் கிடந்தது. இரண்டரை வருடத்தில் அவள் ஒரு விரற்கடை அளவுகூட வளரவில்லை. அதே உடுப்புகள் அளவாக இருக்கின்றன என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வைத்தியர் அவளைப் படுக்கவைத்து வயிற்றின் வலப்பக்கம் கீழே மெதுவாக அழுத்தினார். மகள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். பிறகு அவர்கள் இருவரும் ஜெர்மனில் பேசினார்கள். நடுவில் இரத்தம் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"எங்கை ரத்தம்? எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"கனகாலம்" என்றாள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். வைத்தியர் நான் என்ன கேட்டேன் என்று விசாரிக்கவில்லை. அங்கிருந்தே பிள்ளைகள் மருத்துவமனைக்கு ஃபோன் எடுத்தார்.

நாலு நாள் சோதித்தார்கள். மலம், இரத்தம், வாய்வழியாகவும் கீழ்வழியாகவும் கமரா. முடிவில் நரைத்த தலையோடு ஒரு பெண் வைத்தியர் எங்களை இருத்தி, தாளில் குடலை வரைந்து காட்டினார். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் தீட்டினார். மோர்புஸ் குரோன் என்றார். தமிழில் குரோன் நோய் என்று சொல்வார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்றைக்கு அதைத் தமிழில் சொல்ல என் மகளைத் தவிர அந்த அறையில் ஆளில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தன் நோயைத் தானே தாய் தகப்பனுக்குச் சொன்னாள்.

"என்ரை உடம்பு என்ரை குடலையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குதாம். அதாலை புண். சாப்பாட்டாலை வந்ததில்லையாம். ஒருத்தற்றை பிழையும் இல்லையாம். மருந்தாலை அடக்கி வைக்கலாம். ஆனா மாறாதாம், அம்மா."

மாறாது என்பதை அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். உறைப்பால் வந்ததா, யாருடைய கண்ணூறோ, தகப்பன் பக்கத்தில் யாருக்கும் இருந்ததா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள், கண்ணூறை மட்டும் விட்டுவிட்டாள். கடைசியில் அந்த வைத்தியர் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். பேசும்போது ஒருமுறை என் பக்கம் கண் வந்துபோனது. மகள் அதை "கவனமா இருக்கட்டாம்" என்று முடித்தாள். இவ்வளவு நேரம் கதைத்தாரே, நீ இவ்வளவுதானா சொல்கிறாய் என்று கேட்டேன். மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை என்றாள்.

முதல் சிகிச்சை மருந்தில்லை, பட்டினி மாதிரி ஒன்று. எட்டுக் கிழமைக்கு, இரண்டு மாதத்துக்கு, சாப்பாடே இல்லை. சத்து மாவைக் கரைத்துச் செய்த ஒரு பானம் மட்டும், நாளுக்குப் பல தரம். குடல் ஆறுவதற்கு அதுதான் வழி என்றார்கள். சோறில்லை, பாணில்லை, ஒரு துண்டுப் பழம்கூட இல்லை. குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு என் கணவருக்கும் எனக்கும் சமைத்தேன். தாளிப்பதை விட்டேன். அவளோ மேசையில் இருந்து புத்தகத்தைப் பார்த்தபடி போத்தலை உறிஞ்சினாள்.

ஐந்தாம் கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. சோற்றைக் குழையவைத்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, ஒரு கோப்பையில் அவள் அறைக்குக் கொண்டுபோனேன். ஒரே ஒரு வாய், ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். அவள் கோப்பையைப் பார்த்தாள். அவள் தொண்டை அசைந்ததைக் கண்டேன். கையால் என் கையைத் தள்ளிவிட்டு, "எடுத்துக்கொண்டு போங்கோ, அம்மா" என்றாள். இப்படியே கிடந்து சாகப்போகிறாயா என்று கத்தினேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எட்டாம் கிழமை நிறை பார்த்தபோது நாலு கிலோ கூடியிருந்தாள். கன்னத்தில் சதை, முகத்தில் இரத்தம். தாதி கைதட்டினாள். நான் சிரித்தேன். உள்ளே எரிந்தது. மூன்று வருடம் என் கையால் போட்ட சாப்பாட்டில் தேய்ந்த பிள்ளை, என் கை படாத இரண்டு மாதத்தில் தேறியிருக்கிறாள். அந்த மாவின் மேல் எனக்கு வந்தது பொறாமை. என் பிள்ளை பிழைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு தகர மாப்பேணியோடு நான் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடக் கடைசியில் அவள் பெரியபிள்ளையானாள். உடல் திரும்பி வருகிறது என்று மருத்துவமனையில் சந்தோஷப்பட்டார்கள். நான் மச்சாளுக்கு ஃபோன் எடுத்தேன். மகள் தனக்கு இந்தச் சடங்கு வேண்டாம் என்றாள். எத்தனையோ பேரின் வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறோம், எங்கள் வீட்டில் ஒன்று செய்யாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று என் கணவரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் வாதாடுவதை விட்டுவிட்டாள்.

மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். காலையிலிருந்தே அவள் முகம் வெளிறிக் கிடந்தது. பூசிய பூச்சில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆராத்தி எடுத்து முடிய, படம் பிடிக்கிறவர் அவளை மேடையில் நிறுத்தி வைத்திருந்தபோது என் காதருகே வந்து, "அம்மா, எனக்கு இப்பவே போகவேணும்" என்றாள். இன்னும் இரண்டு படம்தான், பொறு என்றேன். அவள் பொறுத்தாள். பிறகு ஓடினாள். பட்டுச் சேலை, ஒட்டியாணம், சடைநாகம், எல்லாவற்றோடும் மண்டபத்துக் கழிப்பறைக்குள் ஒரு மணி நேரம் இருந்தாள். சேலையைக் கழுவித் தோய்த்து எடுக்க வேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே நான் இன்னொரு சேலையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் வந்தார். "பிள்ளைக்கு என்ன? ஏதும் நோய், வருத்தமோ?" என்று கேட்டார்.

"ஒரு வருத்தமும் இல்லை, மச்சாள். ராத்திரி நல்லா உறைப்புச் சாப்பிட்டவள். சொல்வழி கேக்கமாட்டாள்" என்றேன்.

கதவு மெல்லிய பலகை. அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது சொல்லி வாய் மூடும்போதே எனக்குத் தெரிந்தது. அன்றைய படங்கள் தடித்த புத்தகமாக வீட்டில் இருக்கின்றன. அவள் அதைத் திறந்து பார்த்ததில்லை.

பிறகு மாத்திரை, மாத்திரை கேட்காமல் போய் ஊசி. ஊசியைத் தொடையில் தானே போடப் பழகினாள். கொஞ்ச மாதம் நன்றாக இருப்பாள். பரீட்சை எழுதுவாள், சிநேகிதிகளோடு நீந்தப் போவாள். திடீரென்று ஒரு கிழமையில் எல்லாம் குலையும். காய்ச்சல், மூட்டு வீக்கம், வாயெல்லாம் புண். வெளியே இறங்கினால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பாள். எந்த ரயில் நிலையத்தில் இருக்கிறது, எதில் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினேழு வயதில், சாப்பிட்டது கீழே இறங்காமல் சத்தி எடுக்கத் தொடங்கினாள். படம் எடுத்துப் பார்த்துக் குடல் ஒடுங்கிவிட்டது, வெட்ட வேண்டும் என்றார்கள்.

சத்திரசிகிச்சை நாளன்று என் கணவர் வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாமல் போனது. நான் தனியாகக் காத்திருந்தேன். அவளுடைய மருத்துவக் கோப்பு என் மடியில் இருந்தது. அதுவரை அதை நான் திறந்ததில்லை. எல்லாம் அவளுடைய பொறுப்பு. அன்றைக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் திறந்தேன். ஃபோனைத் தாளுக்கு மேலே பிடித்தால் தமிழில் மாற்றிக் காட்டும். முட்டாள்தனமான தமிழ், ஆனால் விளங்கும். நோய் பிடிபட்ட நாளில் எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: நோயாளி மூன்று ஆண்டு வலி. தாயின் கருத்துப்படி பள்ளியைத் தவிர்க்க நடிப்பு.

அந்தப் பெருஞ்சீரகத் தேநீர்க்காரர் தட்டியது அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கீழே இன்னும் இருந்தது. நீண்ட காலம் கவனிக்கப்படாத அழற்சியால் தழும்பு உண்டாகி ஒடுக்கம் தொடங்கியுள்ளது, தழும்புக்கு மருந்து வேலை செய்யாது, பின்னாளில் வெட்ட வேண்டி வரலாம், இது நோயாளிக்கு விளக்கப்பட்டது.

நோயாளிக்கு விளக்கப்பட்டது. நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கவனமா இருக்கட்டாம் என்று என் பிள்ளை எனக்குச் சொன்னது இதைத்தான். இந்த நாள் வரும் என்று தெரிந்துகொண்டு இரண்டு வருடம் என்னோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறாள்.

ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது கோப்பு இன்னும் என் கையில் இருந்தது. "வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினெட்டு முடிந்ததும் பிள்ளைகள் மருத்துவமனையிலிருந்து பெரியவர்களின் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் நானும் கூடப் போனேன். வைத்தியர் கைகொடுத்துவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இரண்டு சொல்லில் பதில் சொன்னாள். அவர் என்னிடம் மிகவும் மரியாதையாகக் கதவைக் காட்டினார். அதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெளியே வந்தபோது, இனிமேல் தான் தனியாகவே வருவதாக அவள் சொன்னாள். அப்படியென்றால் எனக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

படிக்கப் போவதற்குத் தூரத்திலிருக்கும் டிரெஸ்டன் நகரத்தைத் தெரிவு செய்தாள். இங்கே பக்கத்திலேயே அந்தப் படிப்பு இருந்தது. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையோடு சேர்ந்து வீடு எடுத்தாள். போன மாரியில் மூன்று நாள் அவள் ஃபோன் எடுக்கவில்லை. நாலாம் நாள் அந்தப் பிள்ளைதான் எடுத்தது.

"ஆன்ட்டி, அவ ஹாஸ்பிடல்ல இருக்கா. ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் பக்கத்துல சீழ் கட்டிடுச்சு. இப்ப ஸ்டேபிளா இருக்கா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா, ஆனா எனக்கு மனசு கேக்கல" என்றது.

காலையில் ரயில் ஏறினேன். பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். வார்டு வாசலில் தாதி என்னை நிற்கவைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, கொஞ்சம் இருக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு மகள் சேலைன் தாங்கியைத் தள்ளிக்கொண்டு தானே வெளியே வந்தாள். எலும்பாக இருந்தாள். எனக்கு எதிரே இருந்த கதிரையில் மெதுவாக அமர்ந்தாள்.

"ஏன் வந்தனீங்கள்?"

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது முழுவதையும் ரயிலில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். கடிதத்தை வாசித்தது, அந்த வைத்தியரின் அறையில் சொன்னது, கதவுக்கு வெளியே சொன்னது. அழுகைதான் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல். அந்த முகத்தில் இருந்தது களைப்பு.

"அம்மா, நீங்கள் அழுதா நான்தான் உங்களைத் தேற்றவேணும். சின்னனிலை இருந்து அப்பிடித்தான். எனக்கு இப்ப ஏலாது."

நான் கண்ணைத் துடைத்தேன். "நான் விட்டது பிழை" என்றேன்.

"தெரியும்" என்றாள். "எனக்கு அது எப்பவோ தெரியும். அதைக் கேட்டு நான் இப்ப என்ன செய்ய?"

பத்து நிமிடம் இருந்தோம். சீழை ஊசியால் எடுத்துவிட்டார்கள், மருந்தை மாற்றப் போகிறார்கள் என்று அவளாகவே சொன்னாள். பிறகு தாங்கியைப் பிடித்து எழும்பினாள். நானும் எழும்பிக் கையை நீட்டினேன். கையைப் பிடித்தாள், ஆனால் பாரத்தை அதில் போடவில்லை. உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அன்றைக்கே திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது.

இப்போது புது மருந்து கேட்கிறது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே எடுப்பாள். மழை, பரீட்சை, சேர்ந்திருக்கும் பிள்ளை சமைத்த சாம்பார் என்று கதைப்போம். வயிற்றைப் பற்றி அவள் சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஃபோனை வைத்ததும் என் கணவர் கேட்பார், "என்னவாம் பிள்ளை?"

"சுகமாம்" என்பேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள்.